நோகாத கட்டிக்குத்தான் ஓட வேண்டும்

“நோகேல்லத்தானே, அருவி வெட்டு முடியட்டும் பாப்பம்” என்பார் மார்பில் கட்டி தட்டுப்பட்டவர். அருவி வெட்டு முடிந்தால் பிள்ளையின் சோதினை. சோதினை முடிந்தால் வற்றாப்பளைப் பொங்கல். வன்னியில் மார்பகப் புற்றுநோய் பிந்திப் பிடிபடுவதற்குத் தூரமும் காசும் காரணம்தான். ஆனால் இந்தப் “பாப்பம்” அவை இரண்டையும் விடப் பெரிய காரணம் என்பது கிளினிக்குகளுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் வருகிற எல்லோருக்கும் தெரியும்.

நோகிற கட்டிக்கு ஆட்கள் தாங்களாகவே வந்துவிடுவார்கள். அது பெரும்பாலும் மாதவிடாயோடு வீங்கி வற்றும் கட்டியாகவோ, பால் கொடுக்கும் தாய்க்கு வரும் சீழ்க்கட்டாகவோ இருக்கும். புற்றுக்கட்டி தொடக்கத்தில் அநேகமாக நோகாது. விரலுக்குக் கல்லுப்போலத் தட்டுப்படும், ஓரம் ஒழுங்காக இராது, தள்ளினால் வழுக்கி ஓடாது. கட்டியே தெரியாமல் வேறு அடையாளங்களும் வரலாம்: முன்பு வெளியே இருந்த முலைக்காம்பு புதிதாக உள்ளே இழுபடுவது, ஒரு பக்கக் காம்பிலிருந்து தானாக இரத்தம் கசிவது, தோல் தோடம்பழத் தோல்போலப் புள்ளிபுள்ளியாகத் தடிப்பது, அக்குளில் நெறி கட்டுவது. காம்பில் வரும் சிரங்கு இரண்டு கிழமை கிறீம் பூசியும் ஆறாவிட்டால் அதையும் தோல் வருத்தம் என்று விடக்கூடாது. மார்பு முழுக்கச் சிவந்து சூடாகி வீங்கினால் முதலில் கிருமித் தொற்று என்றுதான் மருந்து தருவார்கள், அது சரி. ஒன்றிரண்டு கிழமை மருந்து குடித்தும் வற்றவில்லை என்றால் இன்னொரு பெட்டி மருந்து வாங்குவதல்ல வழி. அந்த இடத்தில் சதை எடுத்துச் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

20 வயதிலிருந்து மாதம் ஒருமுறை தானே தடவிப் பார்க்கலாம். மாதவிடாய் தொடங்கி 7 முதல் 10 நாளுக்குள் மார்பு இளகி இருக்கும், அதுதான் நேரம். மாதவிடாய் நின்றவர்கள் பூரணை விடுமுறை நாளை வைத்துக்கொண்டால் மறக்காது. கையைத் தலைக்குக் கீழே வைத்துப் படுத்து, மற்றக் கையின் நடு மூன்று விரல்களின் பூவால் சின்ன வட்டமாக அமர்த்திக்கொண்டு, மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று வரம்பு போட்டதுபோல நகர வேண்டும். காறையெலும்பு தொடக்கம் மார்பின் கீழ் மடிப்பு வரை, நெஞ்சு நடு தொடக்கம் அக்குள் வரை. நுனி விரலால் கிள்ளிப் பார்த்தால் எல்லாமே கட்டி மாதிரித்தான் தெரியும். அப்படிப் பார்த்துப் பயந்து வருகிறவர்கள் பலர்.

போகவேண்டிய முதல் இடம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக். 35 வயதும் 45 வயதும் ஆன பெண்களைக் குடும்பநல உத்தியோகத்தர் தேடி அழைப்பது வழக்கம், ஆனால் கட்டி ஒன்று தட்டுப்பட்டவர் வயதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அங்கிருந்து ஒரு துண்டு எழுதுவித்துக்கொண்டு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு நேரே போகலாம். புற்றுநோய் என்று உறுதியானால் வடக்கில் அநேகருக்குத் தெல்லிப்பழை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியில் கட்டிய புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் அங்கே திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் கொழும்புக்குப் பக்கத்து மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்க் கிடந்து வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனாலும் கிளிநொச்சியிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர். முல்லைத்தீவிலிருந்து 100ஐத் தாண்டும்.

கட்டியை என்னவென்று முடிவு செய்ய மூன்றும் வேண்டும்: கையால் பார்ப்பது, படம் எடுப்பது, ஊசியால் சதை எடுப்பது. மூன்றும் ஒன்றையொன்று ஒத்துவர வேண்டும். கைக்குக் கல்லுப்போல இருக்கிறது, ஊசி ரிப்போர்ட் “ஒன்றுமில்லை” என்கிறது என்றால் வீட்டுக்குப் போய்ச் சந்தோசப்படுவதல்ல, ஊசி கட்டியில் பட்டதா என்று திரும்பப் பார்ப்பதுதான் முறை. படத்தில் 40 வயதுக்குக் கீழே அநேகமாக அல்ட்ராசவுண்ட் ஸ்கான் முதலில். இளம் மார்பு அடர்த்தியானது, மமோகிராமில் வெள்ளைக்குள் வெள்ளையாகக் கட்டி மறைந்துவிடும். மமோகிராமுக்குப் போகும் நாளில் அக்குளுக்கோ மார்புக்கோ பவுடர், வாசனைப் பூச்சு எதுவும் வேண்டாம். அதிலுள்ள துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகளாக விழும். புற்றின் தொடக்கமும் சில நேரம் அதே புள்ளிகளாகத்தான் வரும். சங்கிலியும் தாலிக்கொடியும் கழற்ற வேண்டிவரும். வாசலில் நின்று அழாமல் இருக்க, முதல்நாளே வீட்டில் பேசி ஒரு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போவது நல்லது. ரிப்போர்ட்டில் பைராட்ஸ் என்று ஒரு இலக்கம் இருக்கும். 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இல்லை, 6 மாதத்தில் திரும்பப் படம். 4, 5 என்றால் சதை எடுத்தே ஆக வேண்டும். 0 என்றால் நல்லது என்று நினைக்கிறார்கள். அது “இந்தப் படம் போதாது, இன்னும் பார்க்க வேண்டும்” என்பதற்கான இலக்கம்.

வன்னிக்கென்றே ஒரு விசயம் இருக்கிறது. 2009க்குப் பிறகு நெஞ்சிலும் அக்குளிலும் தோளிலும் ஷெல் துண்டோடு வாழும் பெண்கள் இங்கே ஏராளம். அந்த இடத்தில் தட்டுப்படும் எதையும் “அது பழைய துண்டு” என்று சொல்லிவிடுவார்கள். துண்டைச் சுற்றித் தழும்பும், செத்த கொழுப்பும் சேர்ந்து கல்லுப்போலக் கட்டியாவது உண்மைதான். படத்திலும் அது புற்றைப்போலவே தோன்றலாம். அதனால்தான் ஊசி போடாமல் இரண்டையும் பிரிக்க ஏலாது. துண்டு எத்தனை வருடமாக இருக்கிறது என்பது ஒரு சாட்சியும் இல்லை, அதன் பக்கத்திலேயே புதிதாகப் புற்று வரலாம். படம் எடுப்பவரிடம் துண்டு இருக்கிற இடத்தைக் கையால் காட்டுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் உள்ளே போவதற்கு முன் கட்டாயம் சொல்லுங்கள்: இரும்பானால் காந்தம் இழுக்கும், சூடாக்கும். முதலில் எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்கே என்று பார்ப்பார்கள். சி.ரி. ஸ்கானுக்கு அந்தப் பயம் இல்லை.

ஊசி என்றால் இரண்டு வகை. மெல்லிய ஊசியால் கலங்களை உறிஞ்சுவது ஒன்று. அது விரைவானது, ஆனால் இன்ன வகைப் புற்று, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று சொல்லப் போதாது. இன்று வேண்டியது தடித்த ஊசியால் எடுக்கும் ட்ரூகட் பயொப்சி. விறைப்பு ஊசி போட்டு, தோலில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் கீறி, அதற்குள்ளால் ஊசியை விடுவார்கள். ஸ்பிரிங் அடிக்கும்போது “டக்” என்று ஒரு சத்தம் வரும். முதலே சொல்லாவிட்டால் ஆள் துள்ளிவிடுவார், ஊசி விலகும். ஒவ்வொரு அடிக்கும் சேமியாத் துண்டுபோல ஒரு நூல் சதை வரும். நாலைந்து துண்டாவது எடுப்பார்கள். சதை பழுதாகாமல் வைக்கும் திரவமான போர்மலினில் போடும்போது பாருங்கள்: கட்டிச் சதை வெள்ளையாகத் தாழும், வெறும் கொழுப்பு மஞ்சளாக மிதக்கும். எல்லாம் மிதந்தால் அனுபவமுள்ள டொக்டர் இன்னும் இரண்டு அடி அடிப்பார். பிறகு 10 நிமிடம் அமர்த்திப் பிடிக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்பரின் குடிப்பவர்கள் திகதி எடுக்கும்போதே சொல்ல வேண்டும், அன்றைக்கு மேசையில் ஏறிச் சொல்வதால் ஒரு பயணம் வீணாகும்.

அந்தப் போத்தலில்தான் பாதிப் பிழைகள் நடக்கும். போர்மலின் சதையைப்போலப் பத்து மடங்கு இருக்க வேண்டும். சதை அதில் 6 மணித்தியாலத்துக்குக் குறையவும் கூடாது, 72 மணித்தியாலத்துக்கு மேல் போகவும் கூடாது; இரண்டு பக்கமும் ஹோர்மோன் பரிசோதனை பிழையாகிவிடும். வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்து நீண்ட விடுமுறை முழுக்க யன்னலோரம் இருந்த போத்தல், ஹோர்மோன் இருக்கும் கட்டியையும் இல்லை என்று காட்டக்கூடும். போத்தலில் இடமா வலமா என்று எழுதியிருக்கிறதா என்பதை நோயாளியே ஒருமுறை கேட்கலாம், அதில் மரியாதைக்குறைவு ஒன்றுமில்லை. பெயர் இன்னொரு தலையிடி. ஒரே ஆளின் பெயர் ஸ்கானில் ஒரு எழுத்துக்கூட்டல், ஊசி ரிப்போர்ட்டில் இன்னொன்று, அடையாள அட்டையில் வேறொன்று, முதலெழுத்தும் முன்னுக்குப் பின். எல்லாக் கடதாசித் துண்டிலும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

“இரும்பு பட்டால் பரவும்” என்ற கதை ஊர் முழுக்க இருக்கிறது. ஊசி போட்டதால் வருத்தம் கூடி ஆயுள் குறைவதில்லை. ஊசி போட்டுவிட்டு, ரிப்போர்ட் எடுக்கப் போகாமல் நாலு மாதம் பரியாரியின் பத்துப் போட்டுவிட்டுத் திரும்ப வருபவருக்குக் கட்டி பெருத்திருக்கும். பழி ஊசியில் விழும். இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு: சோதிக்காமலே “சின்னக் கட்டிதானே” என்று கீறி எடுத்துவிடுவது. பிறகு ரிப்போர்ட் புற்று என்று வந்தால், ஓரத்தில் எவ்வளவு மிஞ்சியது, அக்குளுக்குப் போனதா என்று ஒன்றும் தெரியாமல் இரண்டாவது ஒப்பரேசன். முதலில் பெயர் தெரிய வேண்டும், பிறகுதான் கத்தி.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியவை ஈஆர், பீஆர் (கட்டியின் கலங்களிலுள்ள ஹோர்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (கட்டியை வளர்க்கும் ஒரு புரதம்) என்ற மூன்றும், கலங்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று சொல்லும் 1 முதல் 3 வரையான கிரேட்டும். ஈஆர் நூற்றுக்கு ஒரு கலத்தில் இருந்தாலும் பொசிற்றிவ்தான். ஹெர்2 0, 1 என்றால் இல்லை, 3 என்றால் உண்டு, 2 என்றால் இரண்டுங்கெட்டான். அப்போது ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை வேண்டும். மீனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்த மூன்றும் வராமல் மருந்துத் திட்டம் முழுமையாகாது. “புற்று” என்ற ஒரு வரியோடு வந்த ரிப்போர்ட்டைக் கொண்டு அலையாமல் மிச்சத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

கட்டி 5 சென்ரிமீற்றரைத் தாண்டினால், அல்லது தோலைப் பிடித்திருந்தால், அக்குள் நெறிகள் ஒட்டியிருந்தால், அல்லது ஈஆர், பீஆர், ஹெர்2 மூன்றும் இல்லாத வகையாகவோ ஹெர்2 வகையாகவோ 2 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால், முதலில் கீமோ மருந்து ஏற்றிவிட்டுப் பிறகு ஒப்பரேசன் என்பார்கள். இதைக் கேட்டதும் குடும்பம் இடிந்துபோகும்: “வெட்ட ஏலாதாம், கைவிட்டுட்டினம்.” கைவிட்டதல்ல. கட்டி சுருங்கினால் முழு மார்பையும் எடுக்காமல் விடலாம். மருந்துக்குக் கேட்கிறதா என்பதும் கண்ணுக்கு முன்னால் தெரியும். கட்டி கரைந்தே போகலாம் என்பதால் இடத்தைக் காட்ட உள்ளே சின்னக் கிளிப் ஒன்று வைப்பார்கள். அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அப்போது மருந்துக்கு முந்திய படங்களைத் தொலைக்காமல் வைத்திருப்பது இன்னும் முக்கியமாகிறது.

மருந்து ஏற்றுவது பொதுவாக இப்படிப் போகும்: சிவப்பு மருந்தும் சைக்கிளோபொஸ்பமைட்டும் 21 நாளுக்கு ஒருமுறை நாலு தடவை, பிறகு பக்லிரக்செல் கிழமைக்கு ஒன்றாக 12 அல்லது 21 நாளுக்கு ஒன்றாக 4. சிவப்பு மருந்து, டொக்சோரூபிசின், இதயத்தைத் தாக்கலாம் என்பதால் எக்கோ என்ற இதய ஸ்கான் எடுக்காமல் தொடங்கக் கூடாது. அடுத்த ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது இரத்தமல்ல. ஹெர்2 வகைக்கு ட்ரஸ்டுசுமாப் 21 நாளுக்கு ஒருமுறை ஒரு வருடம். அதிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ. முடி முதல் தடவைக்கு இரண்டு மூன்று கிழமையில் கொட்டும், பிறகு முளைக்கும்.

சிவப்பு மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையை அரித்துப் புண்ணாக்கும். கை எரிகிறது, ஊசி போட்ட இடம் புடைக்கிறது என்றால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் சொல்லமாட்டார்கள். “மிஸ்ஸிக்கு ஏன் கரைச்சல் குடுப்பான்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் கையை மூடாமல், சீலைத் தலைப்பை விலக்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். துணைக்குப் போவதன் வேலை அதுதான், சாப்பாட்டுப் பார்சல் பிடிப்பதல்ல.

அடுத்தது காய்ச்சல். மருந்து ஏற்றி 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை வெள்ளைக் கலங்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். வீட்டில் ஒரு டிஜிட்டல் தேர்மோமீற்றர் கட்டாயம். 38 பாகை செல்சியஸ் வந்தால், இரவு இரண்டு மணியானாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. பனடோல் போட்டால் சூடு இறங்கும், கிருமி இறங்காது. வாட்டில் பார்க்கும் டொக்டருக்கும் அடையாளம் மறையும். மாரியில் இன்னொரு குழப்பம்: ஊரெல்லாம் டெங்கும் எலிக்காய்ச்சலும் ஓடும் நேரம் இதுவும் அதுதான் என்று கியூவில் உட்கார்த்தி விடுவார்கள். வாசலில் சொல்லவேண்டிய வசனம் ஒன்றே: “கீமோ ஏத்தி இன்றைக்கு இத்தனையாம் நாள், காய்ச்சல் இத்தனை.” தெல்லிப்பழைக்கு ஓடத் தேவையில்லை, இரத்தம் சோதித்து நரம்பூசி மருந்து தொடங்கக்கூடிய பக்கத்து வைத்தியசாலை போதும், ஒரு மணித்தியாலத்துக்குள் முதல் மருந்து ஏறுவதுதான் கணக்கு. வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ். கார்த்திகை, மார்கழியில் குளங்கள் வான் பாய்ந்து பாதைகள் மூடும் இடங்களில் இருப்பவர்கள் அந்த நாட்களிலாவது மெயின் றோட்டுக்குக் கிட்ட உறவினர் வீட்டில் தங்குவது புத்தி.

பத்தியம் என்று முட்டை, மீன், இறைச்சி எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சியில் விடுவதும் நடக்கிறது. உடம்பு உருகி, கலங்கள் ஏறாமல் அடுத்த தடவை தள்ளிப்போகும். நன்றாக அவித்த முட்டை, மீன், பயறு, உளுந்து எல்லாம் வேண்டும். கூடாதது பச்சையாக, பழசாக, கொதிக்காத தண்ணீரில் செய்தவை. பெயர் தெரியாத சூரணமும் கசாயமும் மருந்தோடு சேர்ந்து ஈரலைக் கெடுக்கும்.

ஒப்பரேசனில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சை சேர்ப்பதும், மார்பை முழுதாக எடுப்பதும் உயிர்காப்பதில் ஒன்றுக்கொன்று குறைந்ததல்ல. கதிருக்குப் போய்வர முடியாது என்பதற்காக முழுதாக எடுக்கக் கேட்பவர்கள் உண்டு, அது அவர்களின் முடிவு. ஆனால் முழுதாக எடுத்தாலும் கட்டி பெரிதாக, நெறிகளில் பரவி இருந்தால் கதிர் வேண்டிவரும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். காவல் நெறியை, அதாவது புற்று பரவினால் முதலில் போய்ச் சேரும் அக்குள் நெறியை, தேட நீலச் சாயம் போட்டிருந்தால் ஒருநாள் சிறுநீர் பச்சைநீலமாகப் போகும்.

வீட்டுக்கு வரும்போது பக்கத்தில் வடிகுழாயும் போத்தலும் கூட வரலாம். போத்தல் எப்போதும் காயத்துக்குக் கீழே. ஒரு துணிப்பை தைத்து இடுப்பில் கட்டினால் பஸ்ஸிலும் தெரியாது. தினமும் ஒரே நேரம் எத்தனை மில்லிலீற்றர் என்று கொப்பியில் எழுதுங்கள். 24 மணித்தியாலத்துக்கு 30க்குக் கீழே இறங்கினால் கழற்றுவது வழக்கம். நேற்று 120 இருந்தது இன்று திடீரென்று 5 என்றால் வற்றியதல்ல, குழாய் அடைத்திருக்கலாம். காயத்தடியில் தண்ணீர்ப்பை கட்டும், காட்ட வேண்டும்.

கையை அசைக்காமல் நெஞ்சோடு கட்டி வைத்திருப்பது அடுத்த பிழை. அடுத்த நாளே விரல் மடித்து நீட்டுவது, முழங்கை மடிப்பது தொடங்க வேண்டும். குழாய் கழற்றும் வரை தோள் உயரத்துக்கு மேல் வேண்டாம். பிறகு சுவரில் விரல்களால் நடந்து ஏற வேண்டும், போன உயரத்தில் கரியால் ஒரு கோடு. கதிர் மேசையில் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க வேண்டும். தோள் இறுகியவருக்கு அதைச் செய்ய ஏலாது, திகதி தள்ளிப்போகும். கதிர் பெரும்பாலும் 15 நாள், திங்கள் தொடக்கம் வெள்ளி. தோலில் போட்ட அடையாளத்தை உரஞ்சக் கூடாது, மஞ்சள், எண்ணெய், சந்தனம் எதுவும் பூசக் கூடாது. கதிர் எடுத்தவர் பேரப்பிள்ளையைத் தூக்கலாம், உடம்பில் கதிர் தங்குவதில்லை.

அக்குள் நெறி எடுத்த கைக்குச் சின்னக் காயமும் பெரிது. கிடுகு பின்னும்போது ஓலை கீறுவது, களை பிடுங்கும்போது முள் ஏறுவது, கிணற்றுக் கயிறு உரஞ்சுவது எல்லாம் கிருமி போகும் வழி. கையுறை, நீளக் கை சட்டை, காயம் பட்டால் உடனே சவர்க்காரமும் தண்ணீரும். வாளியை மற்றக் கைக்கு மாற்றுங்கள். சிவந்து சூடானால் அன்றைக்கே மருந்து. ஒருமுறை வீங்கிய கை முழுதாக வற்றுவது கடினம்.

ஈஆர் பொசிற்றிவ் என்றால் கடைசிப் பகுதி குளிசை: ரமொக்சிபென் நாளுக்கு 20 மில்லிகிராம், ஐந்து தொடக்கம் பத்து வருடம். மாதவிடாய் நின்றவர்களுக்கு லெற்றோசோல் 2.5 மில்லிகிராம். சுகம் என்று இரண்டாம் வருடம் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. மூட்டு நோவோ உடம்புச் சூடோ காரணமென்றால் கிளினிக்கில் மாற்றித் தருவார்கள், தானாக விடக்கூடாது. ரமொக்சிபென் குடிக்கும்போது ஒரு கால் மட்டும் வீங்கினால், மாதவிடாய் நின்றவருக்கு இரத்தம் பட்டால், அடுத்த திகதிவரை வைத்திருக்காமல் போக வேண்டும். இன்னொன்று யாரும் கேட்டுச் சொல்லாதது: மருந்தால் மாதவிடாய் நின்றாலும் பிள்ளை தங்கலாம், அந்தக் கருவுக்கு ரமொக்சிபென் ஆகாது. குடும்பத் திட்டத்துக்கு மூன்றுமாத ஊசியோ, கையில் வைக்கும் குச்சியோ, குளிசையோ கூடாது, அவையெல்லாம் ஹோர்மோன். செப்பு லூப் அல்லது ஆணுறைதான். குடும்பநல உத்தியோகத்தருக்கு இந்த வருத்தம் பற்றிச் சொல்லாமல் மறைத்தால் அவர் வழக்கமான ஊசியைத்தான் போடுவார்.

ஒப்பரேசனும் கீமோவும் கதிரும் முடிந்த பிறகு முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை கிளினிக், வருடம் ஒருமுறை மமோகிராம். தாய்க்கும் சின்னம்மாவுக்கும் என்ன வருத்தம் என்று டொக்டர் கேட்பார். இடம்பெயர்வில் பலருக்கு அந்தக் கணக்கே இல்லை, யார் எதனால் செத்தார் என்று சொல்ல ஆளும் இல்லை. ஆகவே இன்று வருத்தம் வந்தவரின் வயதையாவது கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இளவயதில் வந்திருந்தால் அந்த வயதில் பத்தைக் கழித்து வரும் வயதிலிருந்து மகளைப் பரிசோதிக்கத் தொடங்குவதுதான் வழக்கமான கணக்கு.